ஜன்னலோர அறை

ஏரிக்கரை வீட்டில் அறை எடுத்துத் தங்கிய அக்காவுக்கும் தங்கைக்கும், வீட்டுக்காரம்மா தினமும் காலையிலேயே ரொட்டியும் வறுத்த மீனும் கட்டிக் கொடுத்துவிடுவாள். "நிதானமா ஊரைச் சுத்திப் பாருங்க கண்ணுங்களா. பொழுது சாயறதுக்கு முன்னாடி திரும்பிடாதீங்க, அழகே அப்பதான்!"

மீன் ருசிதான். ஆனால் அக்கா பாதியிலேயே பொட்டலத்தை மடித்துவிட்டாள். "நம்மள விரட்டறதுல இவளுக்கு என்னடி இவ்வளவு அக்கறை? வளையலை வேற பெட்டியிலயே வச்சுட்டேன்."

"உனக்கு நிழலைப் பார்த்தாலும் திருடன்தான்" என்று தங்கை ஏரிக்கரைப் புல்லில் காலை நீட்டிக்கொண்டாள்.

அக்கா மட்டும் பாதியில் வீட்டுக்குத் திரும்பினாள். அறைக்குள் யாரோ இருமினார்கள். கதவைப் படாரென்று திறந்தாள்.

பெட்டி பூட்டியபடியே இருந்தது. ஜன்னலோர நாற்காலியில் ஒரு பெரியவர் ஏரியில் போகும் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடிவந்த வீட்டுக்காரம்மா அக்காவின் காதோரம் கிசுகிசுத்தாள்.

"என் மாமனாரும்மா. இது அவர் ரூம். ராத்திரி ஏரிக்காத்து ஆகாதுன்னு சொல்லிக் கூடத்துல படுக்க வச்சுடுவேன். வாடகைக்கு விட்டதை அவர்கிட்ட சொல்லலை."

பெரியவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா இது? கதவைத் தட்டாம நுழையுது. எதுக்கும் ஒரு கண்ணு வச்சுக்கோ."

"தெரியாம வந்துட்டேங்கய்யா" என்று சொல்லிவிட்டு, அக்கா கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி ஏரிக்கரைக்கு நடந்தாள்.