ஆறாவது இதழ்

1

இந்தக் கதைக்குக் காரணம், என் மனைவி வரைந்த நந்தியாவட்டைப் பூவுக்கு ஆறு இதழ்கள் இருந்ததுதான். நந்தியாவட்டைக்கு ஐந்துதான். அவள் பாடநூலுக்குப் படம் வரைபவள். நான் படத்துக்குக் கீழே குறிப்பு எழுதுபவன். நேரில் பார்க்காமல் ஒரு கோடும் இழுக்க மாட்டாள். இது அட்டையில் அவள் பெயர் வரப்போகும் முதல் புத்தகம். அச்சகத்துக்காரர் சாயங்காலம் வந்து படத்தை வாங்கிப் போவார்.

2

தொடக்கம்: “செடியும் சிலந்தியும் இயற்கையின் இரு...” வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே இருக்கும் செடியைப் போய்ப் பார்த்தேன். இரண்டு இதழ்களுக்கு நடுவே ஒரு வெள்ளை நண்டுச் சிலந்தி அசையாமல் உட்கார்ந்திருந்தது. இது வலை பின்னாது. பூவோடு பூவாக இருந்து, வருகிற பூச்சியைப் பிடிக்கும். செடியும் நின்ற இடத்திலேயே வெள்ளையைக் காட்டிக் காத்திருக்கிறது. ஒரே கடை, ஒரே வாடிக்கையாளர். செடி தேன் கொடுத்து அனுப்பும், சிலந்தி அனுப்பாது.

(வித்தியாசம் இவ்வளவுதானா என்று வண்ணத்துப்பூச்சி கோபித்துக்கொள்ளலாம்.)

3

மனைவியிடம் எப்படிச் சொல்வது? கதையில் அவளைக் கோபக்காரியாக எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அழவைத்தேன், அது இன்னும் பெரிய பொய். உண்மையில் அவள் சத்தமில்லாமல் தாளைக் கிழித்துவிட்டு, அட்டையிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்வாள். அதுதான் என் பயம். ஆகவே அவள் வருவதற்குள் நானே ரப்பரை எடுத்து அந்த இதழை

“எந்த இதழை?”

பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

4

“அஞ்சுதானா?”

“அஞ்சுதான்.”

“என்கிட்ட சொல்லாம ஊருக்கே கதை சொல்றீங்க.”

“ஊர்கிட்ட எனக்குப் பயமில்லயே.”

வெளியே போய்ப் பூவின் முன் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. கிழிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். [கதைக்கு அது நல்ல திருப்பம் என்றும் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.]

வந்தவள் பென்சிலைச் சீவினாள். ஆறாவது இதழுக்கு ஒவ்வொன்றாகக் கால் முளைத்தது.

“நான் பார்த்ததத்தான் வரைஞ்சிருக்கேன்,” என்றாள். “என்னன்னு தெரியாம வரைஞ்சுட்டேன். கீழ அதோட பேரையும் எழுதுங்க.”

எழுதினேன். மனசு நிறைந்து போயிற்று.

5

அச்சகத்துக்காரர் வாசலில் கூப்பிட்டார். அவள் அவசரமாகப் பூவுக்கு மேலே ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பறக்கவிட்டாள்.

“இது எங்க உக்காருதுன்னு நீங்க எழுதிடுங்க.”

நான் எழுதவில்லை. செடியும் சிலந்தியும் எங்கள் வீட்டில்தான் குடியிருக்கின்றன. இரண்டில் ஒருவர் பக்கம் பேச எனக்கு வாய் வராது. புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் அட்டையில் அவள் பெயரைப் பாருங்கள். பிறகு பூச்சியை எங்கே இறக்குவது என்பது உங்கள் பாடு.