பிள்ளைகளைப் பங்கு வைத்தார்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம். குளத்தூரில் பிரேமகுமாரியின் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அவளுடைய தங்கை லேகாவும் தங்கையின் கணவன் சஜியும் பாறசாலையிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். முற்றத்தில் ஒன்பது வயது ஷீஜா, ஐந்து வயதுத் தம்பி பிபினை சைக்கிளில் ஏற்றி உருட்டிக்கொண்டிருந்தாள். பிரேமகுமாரியின் ஒரே மகள் ஸ்ரீகலா பின்னாலிருந்து தள்ளினாள்.

மீன் கழுவிக்கொண்டிருந்த லேகா சொன்னாள்: “எக்கா, எங்களுக்கு வல்லதும் ஆச்சுதுன்னா இதுக ரெண்டையும் நீதான் பாக்கணும். ரெண்டும் ஒண்ணா கெடக்கணும், கேட்டியா? இத எழுதி வைக்கணும்ணு இவங்ககிட்டச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுது.”

சஜி சிரித்தான். “முப்பத்தஞ்சு வயசிலயா வில்பத்திரம்? ஆளுக சிரிப்பாவ. கெழடான பொறவு எழுதினா போராதா?”

“சாவு காரியம் பேசாத பிள்ளே. சோறு திங்குத நேரமாக்கும்” என்றான் பிரேமகுமாரியின் கணவன் செல்லசாமி.

பேச்சு அதோடு நின்றது. மரச்சீனியும் மீன்கறியும் இலையில் விழுந்தன.

அந்த வருடம், 1993-இல், ஓணம் கழிந்த இரண்டாவது வாரம், உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு லாரி சஜியின் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியது. பின்னால் இருந்த லேகா அங்கேயே இறந்தாள். சஜி மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். விபத்து நடந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்து, சொந்தக்காரர்கள் சஜியின் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சஜியின் அண்ணன் ராஜப்பன் முதலில் பேசினார்.

“பையன் எங்க குடும்பத்துக்க ஆண்வாரிசாக்கும். அவன நான் கொண்டுபோறேன். பெண்பிள்ளைய அம்மைக்க ஆளுக பாத்துக்கிடுங்க.”

சஜிக்கு ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. பையனை வளர்ப்பவர் கையில்தான் தோட்டமும் இருக்கும். இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பிரேமகுமாரி எழுந்து நின்றாள். “ரெண்டும் ஒண்ணா கெடக்கணும்ணு லேகா எங்கிட்டச் சொன்னா. என் அடுக்களையில வச்சுச் சொன்னா!”

“எழுதி வச்சிருக்காளா?” ராஜப்பன் நிதானமாகக் கேட்டார். “காட்டு. இப்பமே விட்டுத் தாறேன்.”

அவளிடம் காட்ட ஒன்றுமில்லை. ஜீப் வந்தது. பிபின் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து அவன் விரல்களைப் பிரித்தார்கள்.

தூக்கிப் போன பிள்ளையை ராஜப்பன் வீட்டிலாவது வைத்திருந்தாரா? அடுத்த மாதமே, திருவனந்தபுரத்தைத் தாண்டி எங்கோ ஒரு பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் கொண்டு விட்டார். ஐந்து வயதுப் பிள்ளையை! ரப்பர் பால் மட்டும் தவறாமல் ராஜப்பன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிரேமகுமாரி நெய்யாற்றின்கரைக்குப் போய் ஞானசிகாமணி வக்கீலைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“கேஸ் குடுக்கலாம். ஆனா இழுக்கும். செத்தவ உங்ககிட்டச் சொன்னத அவரு இல்லேன்னு சொல்லுவாரு. தகப்பனும் தாயும், ‘எங்க காலத்துக்குப் பொறவு பிள்ளைகளுக்கு இன்ன ஆள் கார்டியன்’ணு எழுதி, ரெண்டு சாட்சிக்க முன்னால ஒப்புப் போட்டிருந்தா நெலமையே வேற. முத்திரைப்பத்திரம்கூட வேண்டாம். வெள்ளைப் பேப்பர் போரும்.”

“ஒரு வெள்ளைப் பேப்பரா?”

“ஆமா.”

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ராஜப்பன் மேல் இருந்த கோபத்தைவிடத் தங்கை மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. பிள்ளைகளுக்கு நகம் வெட்டவும் பேன் பார்க்கவும் பொழுது கண்டாயே, இதற்கு மட்டும் பொழுது வரவில்லையா உனக்கு? செத்துப்போனவளைத் திட்டுகிறோமே என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே மறுபடியும் திட்டினாள்.

வழக்கு மூன்று வருடம் நடந்தது. பெரியம்மா வீட்டில் வளர்ந்த ஷீஜா மெலிந்து போனாள். சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து வாசலைப் பார்ப்பாள். கடைசியில், பிள்ளைகள் இருவரும் பெரியம்மாவிடமே இருக்கட்டும் என்று கோர்ட் சொன்னது. ஊரார், “ஜெயிச்சிட்டியே” என்றார்கள்.

பிபின் வந்து சேர்ந்தான். எட்டு வயது. ஷீஜா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். அவன் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு விறைப்பாக நின்றான்.

அன்று சாயங்காலம் அடுக்களை வாசலில் கைகட்டி நின்றான். “ஆன்டி, வெள்ளம் குடிச்சோட்டே?” என்றான்.

பெரியம்மை என்று கூப்பிட்டவன், சொந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மலையாளத்தில் அனுமதி கேட்கிறான். பிரேமகுமாரி தம்ளரை நீட்டினாள். பக்கத்தில் நின்ற ஷீஜா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பிரேமகுமாரி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“சட்டைய இடுங்க. நெய்யாற்றின்கரைக்குப் போவணும். ஸ்ரீகலாவுக்காக வில்பத்திரம் எழுதணும்.”

செல்லசாமி முகம் சுளித்தான். “நமக்கு இப்பம் என்னத்துக்கு? நல்லா இருக்குத நேரத்தில அபசகுனம்...”

“எது அபசகுனம்?” வீடு அதிர்ந்தது. “சஜி எழுதல்லியே, அவனுக்குச் சாவு வராம இருந்துதா? எழுதாம செத்தவங்களுக்க பிள்ளைய நேத்து நீங்களும் பாத்தியளே! ராஜப்பன் கள்ளன்தான். ஆனா கள்ளனுக்குக் கதவத் தெறந்து போட்டது பெத்தவங்களாக்கும். நான் அப்படிப் போட்டுட்டுச் சாவமாட்டேன்!”

செல்லசாமி கொடியிலிருந்து சட்டையை எடுத்தான். மாட்டிக்கொண்டே கேட்டான், “பிள்ளைக்குக் கார்டியனா ஆர எழுதுவோம்?”

இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். பிறகு காரக்கோணத்தில் இருக்கும் செல்லசாமியின் தங்கை ஸ்ரீகுமாரி வீட்டில் இறங்கி, அவளிடமும் அவள் கணவனிடமும் கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினார்கள்.

பத்திரம் எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார். “சொத்து விவரம் சொல்லுங்க. சர்வே நம்பர்லருந்து தொடங்குவோம்.”

“அது பொறவு” என்றாள் பிரேமகுமாரி. “மொதல்ல பிள்ளைய எழுதுங்க. மண்ணு எங்கயும் ஓடிப்போவாது. பெத்தவங்க ஒரு ஆளச் சொல்லாம செத்தா, ஊரு கூடி நிண்ணு பிள்ளையப் பங்கு வைக்கும். சொத்து இல்லாதவனும் எழுதணும், சாரே. அவனுக்கும் பிள்ளை உண்டே.”