காலோடு பிடுங்கின காளான்

லாரி ஓட்டுகிறவனுக்குப் பொறுமை கிடையாது. ஏற்றினோமா, இறக்கினோமா என்று இருபது வருஷம் ஓடிய உடம்பு அது. அப்பேர்ப்பட்டவன் விடிந்தும் விடியாத நேரத்தில் கூடையும் கத்தியுமாகக் காட்டுக்குள் குனிந்து நின்றான் என்றால், அதற்குக் காரணம் அவன் பெண்டாட்டி. இரண்டு மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். எதைக் கொடுத்தாலும் உமியை மெல்லுகிற மாதிரி மென்று துப்பிவிடுவாள். "மருந்து முடிஞ்சுது, இனி சாப்பாடுதான் மருந்து" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நேற்று மழை கொட்டி ஓய்ந்ததும் அவளே வாய் திறந்தாள். "காளான் கெடைச்சா ரெண்டு வாய் சாப்பிடுவேன்."

கொழுந்தியாள் வீட்டுக் கதவைத் தட்டினான். அவள் கல்குழியில் கல் உடைக்கிறவள். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் நின்றுவிடும். அப்போது அவள் அடுப்பை எரிய வைப்பது காடுதான். எந்த மழைக்கு எந்தக் கீரை, எந்தச் சரிவில் எந்தக் கிழங்கு என்று கேட்டால், சொந்த வீட்டுப் பரணில் இருப்பதைச் சொல்வதுபோலச் சொல்வாள்.

காட்டு வாசலில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "ஆளுக்கொரு கூடை மாமா. எதை எடுத்தாலும் அடியோட தோண்டி எடுங்க."

இரண்டு மணி நேரம் கழித்துச் சந்தித்தபோது அவன் கூடை நிரம்பி வழிந்தது. ஒரு பொட்டு மண் இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. அவள் கூடையில் பாதிகூட இல்லை, அதிலும் பாதி சேறு.

"என்ன கொழுந்தியா, காளான் பறிச்சியா, களிமண் அள்ளுனியா?"

அவள் அவன் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதோட காலு எங்க?"

"அறுத்துட்டேன். உங்கக்கா கையில தெம்பில்ல, மண்ணைக் கழுவிக்கிட்டு கெடப்பாளேன்னுதான்."

"மேல பாத்தா எல்லாரும் மாப்பிள்ளைதான் மாமா. யோக்கியதை கீழதான் இருக்கு. நடங்க."

அவன் எந்த வழியாகப் போனான் என்று அவள் கேட்கவில்லை. புரண்ட சருகு, அழுந்திய குதிகால், ஒடிந்த குச்சி. "லாரி போன தடம் மாதிரியில்ல கெடக்கு" என்றபடி முன்னால் நடந்தாள். அவன் அறுத்துவிட்டுப் போன ஒவ்வொரு மொட்டைக் காலையும் கூர்க்குச்சியால் நெம்பினாள். முதல் கால் கறையான் புற்று வரைக்கும் வால் மாதிரி நீண்டு இறங்கியது. "இது நல்லது." அடுத்ததும் நல்லது. ஒரு மணி நேரம் நெம்பினாள். மக்கிய மரத்தடியில் இருந்ததற்கு வால் இல்லை. மண்ணுக்குள் முட்டை ஓடு உடைந்த மாதிரி ஒரு வெள்ளைக் கிண்ணம், அதற்குள் அந்தக் கால்.

"இது ஆளை முடிச்சிடும்" என்றாள்.

அதை அவன் பெண்டாட்டிக்குத் தன் கையாலேயே ஊட்டியிருப்பான்.

"அந்த ஒண்ணை மட்டும் எடுத்துப் போட்டுட்டா?"

"எந்த ஒண்ணு? காட்டுங்க."

கூடை நிறைய ஒரே மாதிரி வெள்ளைத் தலைகள். குழி தோண்டி அத்தனையையும் அவனே கொட்டினான். ஆடு மாடு வாய் வைக்காதபடி அவள் மண் தள்ளி மிதித்தாள். அவளுடைய பாதிக் கூடைக்கு வீட்டில் மூன்று வாய்கள் காத்திருப்பது அவனுக்குத் தெரியும். அதைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. பொழுதும் ஏறிக்கொண்டிருந்தது, வெயில் பட்டால் காளானில் புழு வைத்துவிடும்.

"இன்னொரு இடம் இருக்கு" என்றாள் அவள். "எம் புருஷனுக்குக்கூடக் காட்டினதில்ல."

காட்டில் பிழைக்கிறவர்கள் சோற்றைப் பங்கு போடுவார்கள், இடத்தைப் பங்கு போடமாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும்.

முள்ளுக்குள் நுழைந்து ஒரு சரிவில் நின்றாள். அவன் கண்ணுக்கு வெறும் தரை. "அங்க பாருங்க, மண்ணு வெடிச்சிருக்கு." உள்ளங்கை அகலத்துக்கு மண் விரிந்து லேசாகத் தூக்கியிருந்தது. உள்ளே இன்னும் குடை விரியாத மொட்டு. இந்த வெடிப்பைப் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணை நினைத்து, இருட்டு மழையில் மலைப்பாதை ஓட்டின அந்த டிரைவர் அசந்துபோனான்.

கத்தியை இடுப்பில் செருகிவிட்டு விரலால் தோண்டினான். நகம் பிய்ந்தது. ஒவ்வொன்றையும் வால் நுனி அறாமல் எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் தலையசைத்த பிறகே கூடைக்குள் வைத்தான். பதினெட்டு தேறியது. மீதி மொட்டுகளை அவள் தொடவிடவில்லை. "அடுத்து வர்றவளுக்கும் வேணும்" என்றாள், அடுத்து வரப்போவதும் அவளேதான் என்றாலும்.

மதியம் அவனே கழுவி, அவனே வேகவைத்து, கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தான். பெண்டாட்டி ஒரு வாய் வைத்தாள். மென்றாள். பாதியில் நிறுத்தினாள்.

"மண்ணு கடிக்குது. யாரு கழுவினது?"

"நான்தான்."

"கழுவத் தெரியல உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்து மறுபடி நீட்டினாள்.