டிரையருக்குள் போன விரிப்பு

துணி உலர்த்தும் டிரையர் ரிப்பேருக்குப் போனால் வாசலிலேயே ஒரு பொய்யை வரவேற்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். “ஒண்ணுமே பண்ணலைக்கா, அதுவா நின்னுடுச்சு” என்பார்கள். உள்ளே திறந்து பார்த்தால் சீப்பு, சில்லறை, பிள்ளையின் கலர் மெழுகுக் குச்சி என்று ஒரு கடையே இருக்கும். பதினெட்டு வருடமாக இதே தொழிலில் இருக்கும் அந்த மெக்கானிக் அதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. சிரித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுப்பாள்.

அன்று மூன்றாம் மாடி வீட்டில் கதவைத் திறந்த பெண், பொய் சொல்லவில்லை, பொரிந்து தள்ளினாள்.

“வாங்கக்கா. ரெண்டு மாசமாவே துணி காய மாட்டேங்குது. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை ஓட விடணும். திங்கக்கிழமையிலேர்ந்து சுத்தமா சூடே இல்ல. டிரம் மட்டும் சுத்துது. வீடு பூரா ஈரத்துணி. நாற்காலியில உக்காரவே இடமில்ல பாருங்க.”

உண்மைதான். சட்டைகளும் துண்டுகளும் நாற்காலி முதுகெல்லாம் தொங்கின. ஈரத்துணி போடாத ஒரே நாற்காலியில் அவளுடைய மாமனார் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெக்கானிக்கைப் பார்த்து, “உள்ள போங்கம்மா, உள்ள நிறைய இடம் இருக்கு” என்றார் பழைய பழக்கத்தில். ஆனால் அவர் கண் செய்தித்தாளில் இல்லை, அவளுடைய கருவிப் பையில் இருந்தது.

சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் டிரையர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. மெக்கானிக் முதலில் பஞ்சு பில்டரை உருவினாள். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது. குழாயடியில் நீட்டினாள், தண்ணீர் கீழே இறங்காமல் வலையின் மேலேயே குளமாக நின்றது.

“பாத்தீங்களா? வாசனைக்கு ஊத்துற திரவம் வலையில படிஞ்சு அடைச்சுக்கிட்டு இருக்கு. பஞ்சை எடுத்தா மட்டும் போதாது, மாசம் ஒரு தடவை சோப்புப் போட்டுத் தேய்க்கணும்.”

“அட, இது எனக்குத் தெரியாதேக்கா.”

டிரையரை முன்னால் இழுத்தாள். காற்றை வெளியேற்றும் பின்பக்கத்துக் குழாய் சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. சூடான காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் உள்ளே வெப்பம் ஏறி, பாதுகாப்புக்காக வைத்த பியூஸ் அறுந்துவிடும். மீட்டரை வைத்துப் பார்த்தாள். அது வாயே திறக்கவில்லை. பியூஸ் போயிருந்தது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. ஆனால் பில்டர் குழிக்குள் கையை விட்டபோது பஞ்சோடு சேர்ந்து வெள்ளையாக எதுவோ உதிர்ந்து வந்தது. விரலில் வைத்து நசுக்கினாள். ரப்பர். படுக்கை நனையாமல் இருக்க மெத்தை மேல் போடுகிற விரிப்பின் பூச்சு. கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறாள். இந்த வீட்டில் குழந்தை இருக்கும் அடையாளம் ஒன்றுகூட இல்லை.

அப்போது மருமகளுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே படுக்கையறைக்குப் போய்விட்டாள். அடுத்த நிமிடம் அந்த அறை வாசலில் பெரியவர் நின்றார்.

“என்னம்மா... ஏதாவது கிடைச்சுதா?”

மெக்கானிக் உள்ளங்கையை நீட்டினாள். பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அதைச் சொல்லித்தான் ஆகணுமா?” என்றார், குரலைத் தாழ்த்தி. “நாலு மாசமா இருக்கு. தூக்கத்துல எனக்கே தெரியறதில்ல. பையனும் மருமகளும் வேலைக்குப் போனதும் விரிப்பை எல்லாம் துவைச்சு இதுல போட்டுடுவேன். சாயங்காலம் அவங்க வர்றதுக்குள்ள கட்டில்ல விரிச்சிடுவேன்.”

அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. ஊரையே சத்தம் போட்டு ஏற்றி இறக்கிய மனுஷன், தன் படுக்கையை மறைக்க இத்தனை மாதம் பாடுபட்டிருக்கிறார்.

“ஐயா, துணி விரிப்பை எத்தனை தடவை வேணும்னாலும் போடுங்க. ரப்பர் விரிப்பை மட்டும் போடாதீங்க. சூட்டுல உருகித் தீப்பிடிச்சுக்கும். பியூஸ் போனதால பொழச்சீங்க.”

“தீயா?” அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். “அவங்க ரெண்டு பேரும் இருக்கிற வீட்டுலயா...”

“அதான் ஒண்ணும் ஆகலையே. இன்னொண்ணு. என் அக்கா வீட்டுக்காரருக்கும் இதே தொந்தரவு. வெக்கப்பட்டே ஒரு வருஷத்தை ஓட்டினாரு. டாக்டர்கிட்ட போனா மருந்து இருக்குன்னாங்க. நீங்களும் காட்டுங்க.”

மருமகள் திரும்பி வந்தாள். “என்னக்கா, எதனாலயாம்?”

“குழாய் நசுங்கியிருக்கு, பில்டர் அடைச்சிருக்கு. பியூஸ் மாத்திடறேன்.” மெக்கானிக் ஒரு கணம் தயங்கினாள். தீ விஷயத்தை மறைக்க முடியாது. “அப்புறம், உள்ள ரப்பர் மாதிரி ஏதோ போயிருக்கு. மிதியடி கிதியடி போட்டிருப்பீங்க. இனிமே போடக் கூடாது.”

“மிதியடியா? நாங்க அதைக் கையிலதானே துவைக்கிறோம்?”

மெக்கானிக் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் பெரியவரே பேசிவிட்டார்.

“நான்தாம்மா போட்டேன். என் மெத்தை மேல போடற ரப்பர் விரிப்பு.” மென்று விழுங்கினார். “படுக்கை நனைஞ்சிடுது. நாலு மாசமா.”

மருமகள் கையிலிருந்த ஃபோனை, பக்கத்தில் இருந்த வாஷிங் மெஷின் மேல் வைத்தாள். அவள் கேட்டது யாரும் எதிர்பார்க்காத கேள்வி.

“அதுக்காகவா மாமா உங்க துணியை நீங்களே துவைச்சீங்க?”

“ஆமாம்மா.”

“நான் துவைக்கிறது உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனைச்சேன். சுத்தமில்லைன்னு நெனைக்கிறீங்களோன்னு. உங்க பையன்கிட்ட எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? நான் என்ன கொறை வெச்சேன், மாமா ஏன் அவர் துணியை என்னைத் தொட விட மாட்டேங்கறாருன்னு.”

பெரியவர் திகைத்துப் போனார். “ஐயையோ, நீ மடிச்சு வைக்கிற மாதிரி எனக்கு மடிக்க வருமாம்மா? என் துணியெல்லாம் கசங்கி, கொசுவம் கட்டின மாதிரி கிடக்கிறதைப் பாத்தாலே தெரியலையா?”

அவள் சிரித்தாள், சிரித்த வாயோடே மூக்கை உறிஞ்சினாள். “சொல்லியிருந்தா ரெண்டு பேருக்குமே நிம்மதியா இருந்திருக்கும்.”

மெக்கானிக் இயந்திரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டாள். அங்கே வேலை இருந்தது என்னவோ நிஜம்தான். ஆனால் வழக்கத்தைவிட மெதுவாகச் செய்தாள். பஞ்சை வாரிக் கொட்டி, குழிக்குள் ஒட்டிய ரப்பரைச் சுரண்டி எடுத்து, பியூஸை மாற்றி, புதுக் குழாயை நசுங்காதபடி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பொருத்தினாள். ஓட விட்டதும் வெளிச்சுவரில் குழாய் வாயிலிருந்த மூடி படபடவென்று திறந்து சூடான காற்றைத் தள்ளியது. அவள் பையைக் கட்டும்போது மருமகள் ஃபோனில் டாக்டரிடம் நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியவர் ரப்பர் விரிப்பைக் குளியலறைக் கம்பியில், எல்லோர் கண்ணிலும் படும்படியே காயப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து, சூடு ஒழுங்காக வருகிறதா என்று விசாரிக்க மெக்கானிக் ஃபோனில் கூப்பிட்டாள்.

“அருமையா ஓடுதுக்கா,” என்றாள் மருமகள். “மாமாவுக்கு ஏதோ சுரப்பி வீங்கியிருக்காம், மாத்திரை குடுத்திருக்காங்க. முழுசா நிக்கலை, வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள் ஆகுது. ஆனா இப்ப காலையில அவரே கூப்பிட்டுச் சொல்லிடறார். விரிப்பை உருவற அன்னிக்கு ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சுக்கறோம்.”

பின்னாலிருந்து பெரியவர் ஏதோ கத்தினார்.

“என்ன சொல்றாரு?”

“காபி ஆறுதாம். ஃபோனை வெச்சிடட்டுமாக்கா?”