அரைக் குளிசை

தனபாலன் கண்டிச் சந்தையில் இருபது வருஷம் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கியவர். மாரடைப்பு வந்த நாலாம் நாள், ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் ராஜரத்தினம் ஸ்கேன் தாளைப் பார்த்து, இதயத் தசை தடித்துப்போயிருக்கிறது என்றதும் மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"தடிச்சா நல்லதுதானே ஐயா? என் தோளும் மூட்டை தூக்கித் தடிச்சதுதான்."

பக்கத்தில் நின்ற மனைவி இராஜேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"தோள் வேற, இது வேற," என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர். "பிரஷரோட வருசக்கணக்கா மல்லுக்கட்டித் தடிச்ச தசை இது. விறைச்சுப்போகும், இரத்தமும் கூடுதலாக் கேட்கும். அதால அடைப்பு வந்தா சேதமும் கூடுதல். இனி நடந்தாலே மூச்சு வாங்கலாம். மூட்டை தூக்கிறதை மறந்திடுங்கோ." கிளினிக் கொப்பியைத் திறந்தார். "பிரஷர்க் குளிசை ஒழுங்கா எடுத்தனீங்களோ?"

"ஒருநாள் தவறல ஐயா. கிளினிக்ல சொன்னபடி தினம் அரை."

"ஆர் அரை எண்டது? ஒண்டு எண்டெல்லோ எழுதிக்கிடக்கு."

தனபாலன் மனைவியைப் பார்த்தார். அவளுக்கு ஒரு பொய் வாய்வரை வந்தது. உள்ளதை மறைத்தால் இவருக்கு எப்படி வைத்தியம் பார்ப்பார்கள்?

"நான்தாங்கய்யா. மத்தப் பாதிய எங்க அண்ணனுக்குக் குடுத்தேன்."

அண்ணன் முத்துலிங்கம் வத்தேகமப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அவருக்கும் பிரஷர். கிளினிக் வரிசையில் நின்றால் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகப் பேர் விழாது, சம்பளம் போய்விடும். அதனால் ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் பாக்குவெட்டியால் குளிசையைப் பிளந்து, இவருக்குப் பாதி, அண்ணனுக்குப் பாதி. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. கிளினிக்கில் மருந்து வாங்கி வருவது அவள்தான்; கணவரிடம் டொக்டர் குறைத்துவிட்டார் என்றாள். அண்ணனிடம் மிச்சம் வருகிறது என்றாள்.

டொக்டர் கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தனபாலன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில் முத்துலிங்கம் தோடம்பழப் பையோடு வந்தார். அவள் அழுதபடி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டைப்பையிலிருந்து அந்த வாரத்துக் காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். இரண்டு அரைக் குளிசைதான் மீதி இருந்தன.

தனபாலன் அப்போதுதான் திரும்பினார். பொட்டலத்தை எடுத்து மச்சானின் கையிலேயே திணித்தார்.

"வச்சுக்கங்க மச்சான். கிளினிக்கு திங்கக்கிழமைதான், கட்டாயம் போயிடுங்க. அதுவரைக்கும் எதக் குடிப்பீங்க?"

இவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. மனைவி பக்கம் பார்க்கவில்லை.

இராஜேஸ்வரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அன்றைக்கும் இந்த மனுஷன் இப்படித்தான் கொடுத்திருப்பார். அண்ணனைக் கையோடு கிளினிக்குக்கும் இழுத்துப் போயிருப்பார். அவள் கேட்கவே இல்லை.