மஞ்சள் கோடு

பிள்ளை பிறக்கும் முன்னே அதற்கென்று புதுசாக எதுவும் வாங்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் ராமக்காள், மாதேஷைத் தூக்கி வளர்த்த அக்கா. மாதேஷ் ஓசூர் கம்பெனியே கதி என்று கிடந்தான். மாரண்டஹள்ளி வீட்டில் அவன் மனைவி பாஞ்சாலிக்குத் துணையும் ராமக்காள்தான், தொல்லையும் அவள்தான்.

வாங்கத்தானே கூடாது? பாஞ்சாலி உல்லன் நூலில் வாசல் தோரணம் பின்னி விற்பவள். மிச்சம் விழுந்த உருண்டைகள் ஒரு பை நிறையக் கிடந்தன. கொக்கி ஊசியை எடுத்தாள். பச்சை, சிவப்பு, ஊதா என்று குழந்தைப் போர்வை கோடு கோடாக வளர்ந்தது.

ஏழாம் மாதத்தில் பையின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் உருண்டை வந்தது. போன தடவை குறைமாதத்தில் பிறந்து, ஒரு நாள்கூட முழுசாக இருக்காமல் போன மகளுக்குப் பின்னிய குல்லாயின் மிச்சம். குல்லாய் மகளோடு மண்ணுக்குள் போய்விட்டது. பாஞ்சாலி அந்த உருண்டையைக் கன்னத்தில் வைத்து அழுதாள். பிறகு அதையும் போர்வையில் சேர்த்துப் பின்னினாள்.

ராமக்காள் பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி! அந்த நூலையா இந்தப் புள்ள மேல போத்துவ? புத்திகித்தி இருக்குதா உனக்கு?"

"அவளும் என் புள்ளதாங்க அண்ணி."

மறுநாள் பாலக்கோட்டில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து பார்த்தால் மஞ்சள் வரிசையைக் காணோம். கொக்கிப் பின்னல் அப்படித்தான், மேல் நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று வந்துவிடும். நூல் குப்பைக் கூடையில் சுருண்டு கிடந்தது.

வேறொருத்தி என்றால் வீடே இரண்டாகியிருக்கும். பாஞ்சாலி நூலை எடுத்து உதறினாள். இரண்டு மாதம் பின்னிய அத்தனையையும் தன் கையாலேயே பிரித்தாள்.

"என்ன புள்ள பண்ற?" ராமக்காளே பதறிப்போனாள்.

பாஞ்சாலி மஞ்சளில் அடிச் சங்கிலிப் பின்னல் போட்டு, மஞ்சளிலேயே முதல் இரண்டு வரிசை பின்னினாள். அதன் மேல்தான் மற்ற நிறமெல்லாம். கால் வீங்கியது, இடுப்பு விட்டுப்போனது. அவள் விடுவேனா என்றாள். ஒன்பதாம் மாதம் கடைசி முடிச்சைப் போட்டு, போர்வையை ராமக்காள் மடியில் வைத்தாள்.

"இப்ப உருவுங்க அண்ணி. அவ அடியில இருக்கறா. அவள எடுக்கணும்னா மேல இருக்கற அத்தனையும் பிரிச்சாவணும்."

ராமக்காள் போர்வையை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து வலி கண்டது. "போர்வைங்க அண்ணி..." என்றவளை, "மொதல்ல வண்டியில ஏறு" என்று தள்ளினாள் ராமக்காள்.

ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். ஊரே கேட்கிற மாதிரி கத்தினான். "புள்ளைக்குத் துணி எங்கம்மா?" என்றாள் நர்ஸ்.

ராமக்காள் தன் பைக்குள் கைவிட்டாள். வெளியே வந்தது கோடு போட்ட அந்தப் போர்வை. பச்சையும் சிவப்பும் காலுக்குப் போகும்படி திருப்பி, மஞ்சள் ஓரம் மோவாய்க்கு வரும்படி பிள்ளையைச் சுற்றினாள். அந்த ஓரத்தை அவன் பிஞ்சு விரலுக்குள் திணித்தாள்.

"உங்க அக்காடா சாமி. கெட்டியாப் புடிச்சுக்க."