ஈரத் தரையில் ஒரு இங்கிலீஷ் பாட்டு

சமயநல்லூர்ப் பக்கத்து அந்தச் சர்ச்சில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது ஜேசுராஜுக்கு வாசலில் வந்த பிறகுதான் உறைத்தது. கழற்ற மனமே வரவில்லை.

காரணம் மைக். போன மாதம் டி. கல்லுப்பட்டிக் கல்யாணத்தில், மழை ஈரத்தில் வெறுங்காலோடு நின்று இதே மைக்கைப் பிடித்தான். மைக் அவனைப் பிடித்துக்கொண்டது. கத்தக்கூட முடியவில்லை. நல்லவேளையாகக் கரண்ட் போய்ப் பிழைத்தான். பாட்டுக் குழுவில் தலைசுற்றல் என்று சொல்லிவிட்டான். பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கினால் ஆயுசுக்கும் ஓட்டித் தள்ளுவார்களே. அன்றிலிருந்து ரப்பர் செருப்பில்லாமல் அவன் பாடுவதில்லை.

ஊரறிந்த இங்கிலீஷ் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடிக் கொடுத்தால் கேசட் போடுவதாக டவுன் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். ஸ்டுடியோவுக்கு வழியில்லை. சர்ச்சில் எதிரொலி பிரமாதம். இரண்டு ஞானப்பாட்டும் சேர்த்துக்கொண்டால் போதும் என்று பாதிரியார் சாவியைக் கொடுத்துவிட்டார். சர்ச்சைக் கூட்டிப் பெருக்கும் கோயில்பிள்ளை வேறு, தரையைத் தாராளமாகக் கழுவி வைத்திருந்தார்.

தொண்டை கட்டிக்கொண்டது, லாசர் பாடட்டும் என்றான் ஜேசுராஜ். லாசருக்குக் குழுவில் வேலை கிலுகிலுப்பை ஆட்டுவது. எல்லாப் பாட்டையும் வாய்க்குள்ளேயே பாடி வந்த அப்பாவி. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து ஜேசுராஜுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை.

லாசர் மைக்கில் 'ஹலோ' சொல்லிப் பார்த்தான். சட்டென்று உதட்டைத் துடைத்துக்கொண்டு, சரி, ஆரம்பிக்கலாம் என்றான். ஜேசுராஜ் மர பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து கிடாரை எடுத்தான்.

டேப் ஓடியது. லாசர் வெறுங்காலோடு ஈரத்தில் நின்று பாடினான். நன்றாகவே பாடினான், பாவி. ஒவ்வொரு வரிக்கும் உதடு மைக்கை நெருங்கியது. ஜேசுராஜுக்கு விரல்கள் வியர்த்து வழுக்கின. லாசர் பெண்டாட்டி அற்புதமேரியிடம் போய் உன் புருஷன் செத்துப்போனான் என்று எப்படிச் சொல்வது? பாட்டு உச்சத்துக்கு ஏறியபோது, லாசர் மைக்கைப் பிடிக்கக் கையைத் தூக்கினான். ஜேசுராஜ் பாய்ந்து போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டான்.

எல்லாரும் திட்டினார்கள். லாசர் மட்டும் உதட்டைத் தடவிக்கொண்டான்.

"அந்த மைக்குல கரண்ட் அடிக்குது, மாப்ள. தெரிஞ்சுதான் உன்னய நிக்க வச்சேன்," என்றான் ஜேசுராஜ்.

லாசர் கீழுதட்டை மடித்துக் காட்டினான். சிவந்து தடித்திருந்தது.

"எனக்கும் தெரியும்டா. ஹலோ சொல்றப்பவே சுள்ளுன்னு இழுத்துச்சு. சொன்னா பாட்டு கைவிட்டுப் போயிருமேன்னுதான் சொல்லல."

ஜேசுராஜ் தான் உட்கார்ந்திருந்த பெஞ்சை இழுத்துவந்து மைக்கின் முன்னால் போட்டான். இதில் ஏறி நின்று பாடு, எதையும் தொடாதே என்றான். லாசர் ஏறி நின்று தொண்டையைச் செருமிக்கொண்டான்.

ஜேசுராஜ் சுவிட்சில் கையை வைத்தான். அதைத் தள்ளத்தான் கை வரவில்லை.